பொய்யாகிப் போன உண்மை

பொய் சொல்லக்கூடாது என்று நமக்கு விவரம் தெரிகிற வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் சொல்லும்போது முழு உண்மையாக இருந்து, பிறகு ஓர் எழுத்துக்கூட மாறாமலே பொய்யாகிவிட்ட சொல்லை என்ன செய்வது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததாக நினைவில்லை. அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு? சொன்னவரா, காலமா, நம்பியவரா?

மதுரையில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் 1999-இல் வந்தது. அதற்கு முன்னால் அச்சான யாத்திரைக் கையேடு ஒன்று இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கலாம். வெளியூர்ப் பேருந்து ஏறுவதற்கு நகரின் நடுவே எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அது ஒழுங்காக வழி சொல்லும். அதை எழுதியவர் அந்தத் தெருக்களில் தாமே நடந்து பார்த்து எழுதிய நல்ல மனிதராக இருந்திருப்பார். ஆனாலும் இன்று அதை நம்பிப் பெட்டியும் கையுமாகப் போய் நிற்கிறவருக்குப் பேருந்து வராது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளூர்க்காரர் எவரும் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்குக் காலே வழி சொல்லிவிடும். ஏமாறுகிறவர், ஊரில் ஒருவரையும் தெரியாமல் புத்தகத்தை மட்டும் நம்பி வந்த வெளியூர்க்காரர்தான்.

நான் கதை எழுதுகிறவன். கதைக்கு இந்தக் கவலை இல்லை. என் நாவலில் ஒருத்தி 1970-இல் சென்ட்ரல் சினிமாவுக்குப் போய்விட்டு ஜட்கா வண்டியில் வீடு திரும்பினாள் என்று எழுதினால், இன்று ஜட்கா இல்லை என்பதற்காக அது பொய்யாகிவிடாது. கதை தன் காலத்தைத் தன்னோடே சுமந்துகொண்டு போகிறது. கையேட்டின் மொழி வேறு. அது 'இப்படிச் செய்', 'இதை எடு', 'அங்கே வை' என்று ஏவுகிறது. ஏவல் வினை எதிர்காலம் காட்டும் என்று பள்ளிக்கூடத்து இலக்கணம் சொன்னதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இன்னும் பிறக்காத ஒருவனைப் பார்த்து, 'நான் சொல்வதைச் செய், பலிக்கும்' என்று உறுதி கூறுவதுதான் ஒவ்வொரு கையேடும் செய்கிற காரியம்.

இந்த நினைப்பெல்லாம் எனக்கு எழுந்தது கணினி உலகத்து விஷயம் ஒன்றைக் கேள்விப்பட்ட பிறகு. வாசகர்களில் பலருக்கு அது அந்நியமாக இருக்கும் என்பதால் சற்று விளக்கிச் சொல்கிறேன்.

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. யாரும் எடுத்து, பார்த்து, திருத்தி, பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கட்டற்ற உரிமையோடு வளர்ந்தது. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான நிரல்களை உலகமெங்கும் பலர் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதிய மூலத்தை அப்படியே நம் வீட்டுக் கணினியில் போட்டுவிட முடியாது. நெல்லைக் குத்திப் புடைத்து அரிசியாக்கிச் சாக்கில் கட்டுகிற மாதிரி, யாராவது ஒருவர் அதைப் பக்குவப்படுத்தி, இது ஓட வேறு என்னென்ன வேண்டும் என்று சீட்டு எழுதி, ஒரு பொதியாகக் கட்டித் தர வேண்டும். பொதி கட்டி, பிழை வந்தால் சரிசெய்து, புதிய பதிப்பு வந்தால் மறுபடி கட்டித் தருகிறவருக்குப் பராமரிப்பாளர் என்று பெயர்.

1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற அமைப்பு இந்த வேலையைத் தொண்டர்களைக் கொண்டே நடத்திவருகிறது. 2023-இல் வெளிவந்த அதன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. இது நமக்குத் தூரத்து விஷயமும் அன்று. சென்னை சி-டாக் நிறுவனத்திலிருந்து 2007-இல் வெளியான 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பொறிகளில், விண்டோஸோடு சேர்ந்து பாஸும் மாணவர் வீடுகளுக்கு வந்தது. திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் எத்தனையோ பிள்ளைகள் புத்தகப் பையில் டெபியனின் பேரப்பிள்ளை ஒன்றைச் சுமந்துகொண்டுதான் பேருந்தில் தொங்கியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்கள் கூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் டெபியனின் உலக மாநாடே நடந்தது.

சரி, பொதி கட்டுவது எப்படி என்று புதிதாக வருகிறவனுக்கு யார் சொல்லித் தருவது? அதற்கு ஒரு கையேடு வேண்டும். 1997-இல் ஜல்தர் வியாஸ் ஒன்றும், வில் லோ ஒன்றும் எழுதினார்கள். அவற்றின் எடுத்துக்காட்டுகளை எடுத்துக்கொண்டு 1998-இல் ஜோசிப் ரோடின் 'புதிய பராமரிப்பாளர் கையேடு' எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானியரான ஒசாமு அவோகி அதைத் திருத்திப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றார். வியாஸ் எழுதியது 'டெப்மேக்' என்ற கருவிக்கு. அந்தக் கருவி வழக்கொழிந்து, 'டெப்ஹெல்பர்' என்பது வந்தது. அதிலும் முதலில் ஒவ்வொரு படியையும் தனித்தனிக் கட்டளையாக வரிசையாக எழுத வேண்டியிருந்தது. 2008-இல் ஜோயி ஹெஸ் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார். பக்கம் பக்கமாக இருந்தது மூன்று வரியாயிற்று. பழைய கையேடுகளில் கவனமாக விளக்கப்பட்டிருந்த அந்தப் பக்கங்கள், எழுதியவர் மேல் ஒரு குற்றமும் இல்லாமலே, வீணாயின.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து படிக்கிற இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். தமிழ் எழுத்துகளை வரிசைப்படுத்துகிற சிறு நிரல் ஒன்றை எழுதி, அதைப் பொதியாகக் கட்ட முயன்றார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கிடைத்த கையேடுகள் இரண்டு. ஒன்று பழையது, மற்றது புதியது. எது பழையது என்று தெரியவில்லை. இரண்டையும் பணிவோடு பின்பற்றினார்.

"ரெண்டு புத்தகத்துலயும் சொன்ன மாதிரியே செஞ்சேன், ஐயா. ஆனா ஒரே விஷயத்தை ரெண்டு இடத்துல சொல்லியிருக்கேன்னு கணினி திட்டுது" என்றார்.

விஷயம் இதுதான். டெப்ஹெல்பர் எந்தக் கால வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். அந்த எண்ணைத் தனியாக ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பது பழைய முறை. பொதியின் தேவைகளைப் பட்டியலிடும் கோப்பிலேயே அதையும் சேர்த்து எழுதுவது புதிய முறை. இரண்டு இடத்திலும் எழுதினால் கருவி வேலை செய்ய மறுத்துவிடும். இரண்டு ஆசிரியர்களின் சொல்லையும் மீறாமல் நடந்ததே அவர் செய்த தவறாகிவிட்டது.

இரண்டு இரவு விழித்திருந்ததைப் பற்றி அவர் வருத்தப்படவில்லை. "எனக்குத்தான் மண்டையில ஏறலை போல ஐயா. இதுக்கெல்லாம் பெரிய காலேஜுல படிச்சிருக்கணும்" என்றார். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவர் இதே சிக்கலில் மாட்டினால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பார். "ஓ, அது பழைய முறை" என்று இரண்டு வார்த்தையில் தீர்ந்துவிடும். கேட்க ஆள் இல்லாதவனுக்குப் புத்தகம்தான் குரு. குரு தவறாகச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிற துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்? ஆகவே பிழை புத்தகத்தில் இருக்க, அவன் தன் அறிவைச் சந்தேகிக்கிறான். புதுப்பிக்காத கையேட்டினால் வரும் நஷ்டத்தை நேரம், மின்சாரம் என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் தகுதியுள்ள ஒருவன் 'எனக்குத் தகுதியில்லை' என்று வாசற்படியிலிருந்தே திரும்பிப் போவதை எந்தக் கணக்கில் எழுதுவது? போனவன் வந்து புகாரும் கொடுக்கமாட்டான். அவன் வந்தான் என்பதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. கையேட்டை எழுதியவர் கூலி வாங்கி எழுதவில்லை. தம் ஓய்வு நேரத்தில் எழுதி ஊருக்கு இலவசமாகக் கொடுத்தார். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? 'நேற்று கொடுத்தாயே, இன்றும் வந்து திருத்திக் கொடு' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

மதுரைச் சீமைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழையது. நம் கண்மாய்களைப் பராமரித்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். கரையை உயர்த்துவதும் வரத்துக்காலைத் தூர் எடுப்பதும் அந்தக் கண்மாயினால் பயன்பெறும் குடிகளின் பொறுப்பு. அது கூலிக்குச் செய்கிற வேலையுமில்லை, இஷ்டப்பட்டால் செய்கிற தர்மமுமில்லை. 1858-இல் அதைக் கட்டாய உழைப்பாக்கிச் சென்னை மாகாணத்துக்கென்று சட்டமே போட்டார்கள். 2017-இல் தமிழ்நாட்டு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மறுபடி தொடங்கியது. சட்டத்தாலும் பணத்தாலும் செய்ய முடிந்தது எவ்வளவோ, அதற்கு மேலே ஒன்று குடிகளின் மனத்தில் இருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எடுத்தவன் தூர் வார வர வேண்டும் என்ற எண்ணம் அது.

கண்மாயில் மடை திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவருக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். எந்த மடையை எப்போது எத்தனை நாழிகை திறப்பது, தண்ணீர் குறைந்த வருஷம் யாருக்கு எவ்வளவு குறைப்பது எல்லாம் அவர் தலைக்குள்ளே இருந்தது. 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தபோது மேலூர்ப் பகுதிக் கண்மாய்களின் கணக்கே மாறிற்று. 1959-இல் வைகை அணை வந்தபோது ஆற்றின் போக்கே மாறிற்று. நீர்பாய்ச்சியின் நினைவு அந்த மாற்றங்களோடு தானும் மாறிக்கொண்டது. பழைய கணக்கைச் சொல்லி அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடினால் அந்த அறிவும் அவரோடு போயிற்று.

மனிதருடைய நினைவு சாகும், ஆனால் உயிரோடிருக்கும் வரையில் காலத்தோடு நடக்கும். எழுத்து சாகாது, ஆனால் எழுதிய நாளிலேயே நின்றுவிடும். இரண்டின் நன்மையும் வேண்டுமென்றால் எழுத்தின் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே மனிதர் எப்போதும் இருக்க முடியாது. ஆகையால் ஒருவர் பின் ஒருவராக இருக்க வேண்டும்.

ஆகவே எழுதியவர் ஆயுள் முழுதும் அதற்கு அடிமையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் முன்னால் நேர்மையான வழிகள் மூன்று இருக்கின்றன. திருத்திக்கொண்டே வரலாம். முடியாதபோது இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். அதற்கும் ஆள் கிடைக்காவிட்டால், 'இது இத்தனாம் ஆண்டோடு நின்றுவிட்டது, நம்ப வேண்டாம்' என்று அதன் நெற்றியிலேயே எழுதிவிடலாம். மூன்றாவதைச் செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அதையும் செய்யாமல் மௌனமாக விலகிப் போவதைத்தான் நான் தவறு என்கிறேன்.

டெபியன்காரர்கள் இந்த மூன்றையும் முறையாக்கி வைத்திருப்பதை அறிந்தபோது எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டாயிற்று. ஒரு பராமரிப்பாளர் தம்மால் இனி முடியாது என்றால், அந்தப் பொதியை 'அநாதை' என்று பகிரங்கமாக அறிவித்துவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அநாதைப் பொதிகளின் பட்டியலைப் பார்த்து வேறொருவர் எடுத்து வளர்ப்பார். ஒவ்வொரு பொதியிலும், கொள்கை ஏட்டின் எந்தப் பதிப்புக்கு இணங்க இது கட்டப்பட்டது என்று ஓர் எண் எழுதியிருக்கும். எந்தப் பதிப்பில் எந்த விதி மாறிற்று என்று தனியாக ஒரு பட்டியலும் உண்டு. அவர்களுடைய இணையப் பக்கம் ஒன்றின் மொழிபெயர்ப்பு, மூலத்துக்கு ரொம்பவும் பின்தங்கிவிட்டால், அந்தப் பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கை வந்துவிடும். நம் வீட்டுப் பால்காரரின் நோட்டில்கூடத் தேதி இருக்கிறது. நாம் ஊருக்கென்று எழுதி வைக்கிற அறிவிப்புகளில் எத்தனைக்குத் தேதி இருக்கிறது?

அவோகி செய்ததை இங்கே சொல்ல வேண்டும். பழைய கையேட்டைப் பல ஆண்டுகள் ஒட்டுப்போட்டுத் திருத்திவந்தார். ஒரு கட்டத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டுத் தாங்காது என்று கண்டு, 'டெபியன் பராமரிப்பாளர்களுக்கான வழிகாட்டி' என்று புதிதாகவே ஒன்று எழுதினார். பழையதன் முகப்பில், இதைத் திருத்தி எழுதிய புது நூல் இருக்கிறது, இனி அதையே முதன்மையாகக் கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வைத்தார். தம்மால் வளர்ந்த நூலைப் பற்றித் தாமே அப்படி எழுதுவதற்குக் கொஞ்சம் மனத்துறவு வேண்டும். எழுத்தாளனுக்கு அது தெரியும்.

பெரியவர்கள் எழுதியதில் கை வைக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். நம் மரபு இந்தத் தயக்கத்தை என்றோ கடந்துவிட்டது. முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. முதல் ஆசிரியனின் கருத்தைப் பெரும்பாலும் தழுவி, வேண்டிய வேறுபாட்டை மரபு கெடாமல் செய்துகொள்ள வழிநூல் ஆசிரியனுக்கு அதில் உரிமை உண்டு.

இறையனார் களவியலின் உரை இன்னும் நல்ல உதாரணம். பன்னிரண்டு வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு மதுரைக்குத் திரும்பிய புலவர்களில் பொருளிலக்கணம் அறிந்தவர் ஒருவரும் இல்லை என்று பாண்டியன் கலங்கினான் என்பது அந்த உரையின் முகப்பில் சொல்லப்படும் கதை. அறிந்தவர்கள் போனதும் அறிவும் போயிற்று. நீர்பாய்ச்சியின் கதைதான் அங்கேயும். பிறகு ஆலவாய் இறைவனே நூல் செய்தான், நக்கீரர் உரை கண்டார், அவர் தம் மகன் கீரவி கொற்றனாருக்குச் சொன்னார் என்று தொடங்கி, பத்தாவதாக முசிறி நீலகண்டனார் வரையில் ஒருவர் ஒருவருக்குச் சொல்லி வந்த வரிசையைப் பெயர் பெயராக அந்த முகப்பு சொல்கிறது. வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். பராமரிப்பாளர்களின் பட்டியல் அது. அந்த உரையில் எடுத்துக்காட்டுகளாக நிறைந்திருக்கிற பாண்டிக்கோவைப் பாடல்கள், நக்கீரருக்கு நெடுங்காலம் பிந்திய நெடுமாறன் என்ற பாண்டியனைப் பாடுபவை. கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்காமல், கைமாறிய வழியில் யாரோ தம் காலத்து உதாரணங்களைச் சேர்த்திருக்கிறார்கள். உரை பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் திருத்துகிறவனுக்கும் ஒரு தர்மம் உண்டு. காரணம் தெரியாமல் கழிக்கக்கூடாது. இதற்கும் டெபியனிலேயே கசப்பான ஒரு பாடம் இருக்கிறது. இரகசியச் சாவிகளை உண்டாக்கித் தருகிற ஓபன்எஸ்எஸ்எல் என்ற பொதியில், ஒரு சோதனைக் கருவி குறை சொல்கிறது என்பதற்காக 2006-இல் சில வரிகளை நீக்கினார்கள். நீக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நீக்கினார்கள். நீக்கியவற்றில் ஒரு வரிதான் சாவிகளை யாரும் ஊகிக்க முடியாதபடி செய்துகொண்டிருந்தது. அது போனதும், கோடானு கோடியாக இருக்க வேண்டிய சாவிகள் வகைக்குச் சுமார் 32,768-க்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்துச் சொல்லும் வரையில், ஏறக்குறைய இரண்டு வருஷம், உலகமெங்கும் பலர் பூட்டியிருக்கிறது என்று நம்பித் திறந்த வீட்டில் தூங்கினார்கள். இந்த வரி எதற்காக இருக்கிறது என்று அதன் பக்கத்திலேயே ஒரு வாக்கியம் எழுதியிருந்தால், நீக்கிய கை சற்றுத் தயங்கியிருக்கும். எப்படிச் செய்வது என்பது சீக்கிரம் பழசாகிவிடும். ஏன் செய்கிறோம் என்பது அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. நல்ல கையேடு இரண்டையும் சொல்லும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். காலத்தால் பொய்யாகிப் போன சொல்லுக்குச் சொன்னவர் குற்றவாளி அல்லர். ஆனால் அது பொய்யாகிவிட்டது என்று யாருக்குத் தெரிகிறதோ, தெரிந்த நிமிஷத்திலிருந்து அவர் அதற்குப் பொறுப்பாகிவிடுகிறார். எழுதியவர் அவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்துகொண்டும், 'எனக்குத்தான் வழி தெரியுமே' என்று தாண்டிப் போகிற ஒவ்வொருவரும், அந்தப் பழைய உண்மை இன்னொருவரை ஏமாற்றுவதற்குத் துணை போகிறார்.

அந்த இளைஞர் பிறகு பழைய கோப்பை நீக்கிவிட்டுப் பொதியைக் கட்டி முடித்தார். அதோடு நிற்கவில்லை. இன்ன இடத்தில் பழைய முறையும் புதிய முறையும் மோதுகின்றன, பழையதை விட்டுவிடவும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, தம்மைப் போல் தனியாக உட்கார்ந்து முயல்கிறவர்களுக்குக் கிடைக்கும்படி வைத்தார். அதன் அடியில், எழுதிய தேதியும், எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினார் என்பதும், மாறியிருந்தால் யாரும் திருத்தலாம் என்ற ஒரு வரியும் இருந்தன. நம் வீடுகளிலும், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிய சீட்டிலிருந்து, பீரோவில் பிள்ளைகளுக்கென்று எழுதி வைத்த கணக்குவரை, பழசாகிக்கொண்டிருக்கிற உண்மைகள் எத்தனையோ இருக்கும். அவற்றின் அடியில் அந்த மூன்று வரிகளை எழுதி வைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.